பேருந்தில் வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வழி உண்டா?

கேள்வி: நான் பிறவியிலேயே பார்வையற்றவள். வயது 44. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, பாகூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. தினமும் பேருந்துப் பயணம். ஆண்ட்ராய்டு செல்லில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் போட்டுப் பயன்படுத்துகிறேன். எழுத வேண்டியதை எல்லாம் வாய்ஸ் டைப்பிங்கில்தான் சொல்லி அனுப்புகிறேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என் பெயரில் எழுத்துப்பிழையோடு தகவல் போகும்போது கூச்சமாக இருக்கிறது. பெற்றோர் யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டு எழுதினால், பேருந்தில் பத்துப் பேர் காதுபட அதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை. விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் போட்டால் ஒரு வரி முடிவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது. செல் திரையிலேயே பிரெய்லில் எழுதலாம் என்று தோழி சொன்னாள். முயன்று பார்த்தேன், வேறு ஏதேதோ எழுத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் (பிரெய்ல் குத்தும் சட்டமும் ஊசியும்) வைத்து எழுதிப் பழகியவள்தான். ஆனால் விட்டுப் பல வருடமாகிவிட்டது. இந்த வயதில் கைவருமா? தமிழில் எழுத வருமா? தம்பி புளூடூத் விசைப்பலகை வாங்கித் தருகிறேன் என்கிறான். எது நல்லது?
வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வரும். தமிழிலும் வரும். நீங்கள் தமிழாசிரியை என்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கு இது கூடுதலாகவே பயன்படும் என்பது என் எண்ணம். எனக்கும் பார்வை இல்லை. பார்வையற்றவர்களுக்குச் செல்லும் கணினியும் சொல்லித்தருவதுதான் புதுச்சேரியில் என் வேலை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வருத்தங்களையும் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் வாய்ஸ் டைப்பிங் பற்றி. அது கெட்டதில்லை, அதை விட்டுவிடவும் வேண்டாம். வீட்டில் தனியாக இருக்கும்போது நீளமான தகவலைச் சொல்லிவிட அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் அங்கே எழுதுவது நீங்கள் இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று செல் ஒரு முடிவுக்கு வருகிறது. நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் பலருக்கு ஒன்றாகவே ஒலிக்கும். ணகரமும் னகரமும் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து வாளை மீன் வாங்கி வந்ததைச் சொன்னால் அது வாழையாகிவிடலாம். மனத்தைச் சொன்னால் மணம் வந்து நிற்கலாம். அதைக் கண்டுபிடிப்பதும் நமக்குச் சுலபமில்லை. எழுதியதை டாக்பேக் வாசித்துக் காட்டும்போது அந்தக் குரலிலும் ண, ன வித்தியாசம் பல நேரம் காதில் பிடிபடாது. காது தவறவிட்டதைக் காதாலேயே திருத்துவது கஷ்டம். விரல் வைத்து எழுதும்போது அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்த எழுத்தைப் போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

இந்தத் திரை பிரெய்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டாக்பேக்கில் பிரெய்ல் விசைப்பலகை 2020இல் வந்தது. ஐபோனில், டாக்பேக்கின் வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவரோடு 2014 முதலே இருக்கிறது. இரண்டுமே இலவசம், உள்ளேயே இருப்பவை. பிரெய்லை எழுத்தாக மாற்றும் வேலைக்கு கூகுள், ஆப்பிள் இரு நிறுவனங்களும் லிப்லூயி என்ற திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதில் தமிழ் பிரெய்லுக்கும் அட்டவணை உண்டு. நீங்கள் பள்ளியில் படித்ததும் அதே பாரதி பிரெய்ல்தான். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்பட்ட முறை அது. புதிதாக ஒரு குறியீட்டைக் கற்க வேண்டியதில்லை.

உங்களுக்கு ஏன் ஏதேதோ எழுத்து வந்தது? மூன்று காரணங்களைச் சந்தேகிக்கிறேன்.

ஒன்று, மொழி. பிரெய்ல் விசைப்பலகையை முதலில் திறக்கும்போது பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கும். அதிலும் சுருக்கெழுத்து பிரெய்ல் போட்டிருந்தால் ஒரே ஓர் எழுத்து முழுச் சொல்லாக மாறிவிடும். ‘அம்மா’ என்று எழுதிப் பாருங்கள். ஆங்கில ஏ, எம், எம் என்று உச்சரித்தால் விரலில் குறையில்லை, மொழிதான் மாறியிருக்கிறது. நம் ப, ம, க, ல, ர, வ எல்லாம் ஆங்கில பி, எம், கே, எல், ஆர், வி எழுத்துகளின் அதே புள்ளிகள். அதனால் பாதி சரி, பாதி கோணல் என்று வரும். டாக்பேக் அமைப்புகளில் பிரெய்ல் என்ற பகுதிக்குப் போய் மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். பட்டியலில் தமிழ் தென்படவில்லை என்றால் முதலில் டாக்பேக்கைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆங்கிலத்தையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் சுருக்கமில்லாத ஆறு புள்ளி பிரெய்லாக வையுங்கள்.

இரண்டாவது, ஸ்லேட்டில் பழகிய கை. பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், அதில் ஆறு புள்ளிகளுக்கு இடம்: வாசிக்கும்போது இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தினோம், தாளைத் திருப்பி வாசித்தோம். புள்ளி 1 குத்தும்போது வலப்பக்கம், வாசிக்கும்போது இடப்பக்கம். செல்லில் இந்தத் திருப்பல் கிடையாது. பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரத்தில் எழுதியிருந்தால் அதே முறைதான்: இடது ஆட்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலது ஆட்காட்டி 4, நடுவிரல் 5, மோதிர விரல் 6. செல்லை எப்படிப் பிடித்தாலும் இடது கை 1, 2, 3தான். செல்லின் முகம் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பிடிக்கும்போது ஸ்லேட்டில் எழுதிய பலருக்கு ‘அப்படியானால் தலைகீழாக எழுத வேண்டுமோ’ என்று கை தயங்கும். வேண்டாம். திரையை மறந்துவிட்டுக் கையை மட்டும் நினையுங்கள்.

மூன்றாவது, விரல்கள் சேர்ந்து இறங்காதது. ஓர் எழுத்துக்குரிய விரல்கள் எல்லாம் ஒன்றாக அழுந்தி ஒன்றாக எழ வேண்டும். எழும்போதுதான் எழுத்து பதிவாகிறது. கண்ணாடியில் விசை மாதிரி மேடு எதுவும் இல்லை. அதனால் எழுத எழுத விரல் தன் இடத்தைவிட்டு மெல்ல நகரும். அப்படி நகர்ந்தால், விரல் இருக்கும் இடத்தைச் செல்லுக்கு மறுபடி பழக்கிக் கொடுக்க வழி இருக்கிறது. ஐபோனில் வலது கை மூன்று விரல்களையும் ஒருசேரத் தட்டி எடுத்து, உடனே இடது கை மூன்றையும் தட்ட வேண்டும். டாக்பேக்கில் பிரெய்ல் விசைப்பலகையின் விருப்பங்களுக்குள் அந்த வழி இருக்கிறது. விசைப்பலகை திறந்திருக்கும்போது மூன்று விரலால் மேல்நோக்கி இழுத்தால் விருப்பங்கள் வரும்.

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இடது கை மூன்று விரல்களையும் ஒன்றாக வையுங்கள். 1, 2, 3. அது ல. அதோடு வலது நடுவிரலைச் சேருங்கள், ர. நடுவிரலுக்குப் பதில் மோதிர விரல், வ. இரண்டையும் சேர்த்து வைத்தால் ழ. இடது கை அசையவே இல்லை, வலது கையின் இரண்டு விரல் மட்டும் மாறி மாறி வந்து நான்கு எழுத்தைக் கொடுக்கிறது. இப்போது ‘மலை’ எழுதுங்கள்: ம 1, 3, 4; ல 1, 2, 3; ஐ 3, 4. அதே சொல்லில் நடு எழுத்துக்கு வலது நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்தால் ‘மழை’. ஒலியில் பலர் குழப்பும் எழுத்து, கையில் இரண்டு விரல் தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு குடும்பம் வலது கையில். நடுவிரலும் மோதிர விரலும், 5, 6, சேர்ந்தால் ன. ஆட்காட்டி விரலும் வந்தால் 4, 5, 6, அது ள. இடது மோதிர விரலையும் சேர்த்தால் 3, 4, 5, 6, அது ண. இங்கேதான் தொடக்கத்தில் நிறையப் பிழை வரும். ஆட்காட்டி விரல் சரியாகப் பதியாவிட்டால் ள, ன ஆகிவிடும். பள்ளி என்று எழுதப்போய்ப் பன்னி வந்தால் காரணம் இதுதான். இந்த மூன்று எழுத்தையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, விரல் அழுத்தம் சமமாகும்வரை பழகுங்கள். மற்ற எழுத்துகளுக்கு அவ்வளவு பாடு தேவைப்படாது.

உயிர்மெய் எழுத்துகள் வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுக்கிற முறையிலேயே வரும். மெய்க்கு உரிய கட்டம், அதையடுத்து உயிர். கா என்றால் க, பிறகு ஆ. கொ என்றால் க, பிறகு ஒ, இரண்டே கட்டம். அச்சில் கொம்பு முன்னே போய்க் கால் பின்னே நிற்கிற சிக்கல் பிரெய்லில் இல்லை. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனியாக 4ஆம் புள்ளி உண்டு, அது உங்களுக்கு நினைவிருக்கும். எழுதும் அவசரத்தில் எல்லோரும் முதலில் விடுவது அதைத்தான். ஒரு சொல்லில் ‘ம்’ வர வேண்டிய இடத்தில் ‘ம’ வந்திருந்தால் அங்கே தேடுங்கள்.

மறந்துபோயிற்றே என்று தயங்க வேண்டாம். பிரெய்லை வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. வாசிக்க விரல்நுனிக்கு நுண்ணிய உணர்வு வேண்டும், விட்டால் மங்கும். சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்களுக்கு வாசிப்பது மிகவும் சிரமம். திரையில் எழுதுவதற்கு அந்த உணர்வு தேவையே இல்லை. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்ற ஞாபகம் இருந்தால் போதும். சிறு வயதில் குத்திக் குத்திப் பழகிய கைக்கு அது போவதில்லை. 44 வயதெல்லாம் இதற்கு ஒரு வயதே இல்லை டீச்சர்.

தொடங்கும் முறையைச் சொல்கிறேன். செல்லில் அணுகல்தன்மை, அதற்குள் டாக்பேக், அதன் அமைப்புகள், பிரெய்ல் விசைப்பலகை. மெனுவின் பெயர் செல்லுக்குச் செல் கொஞ்சம் மாறும். இயக்கியதும் ஒரு பயிற்சிப் பாடம் வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள், பொறுமையாகச் செய்யுங்கள். அப்புறம் எழுதும் இடத்தில் விரல் வைத்தால் வழக்கமான விசைப்பலகை வரும். அதில் விசைப்பலகையை மாற்றும் பொத்தானைத் தேடி பிரெய்லுக்கு மாற வேண்டும். ஒற்றை விரலை ஒரு பக்கம் இழுத்தால் இடைவெளி, மறுபக்கம் இழுத்தால் ஓர் எழுத்து அழியும். அதையே இரண்டு விரலால் செய்தால் ஒரு பக்கம் புதிய வரி, மறுபக்கம் முழுச் சொல்லும் அழியும். எது எந்தப் பக்கம் என்பதைப் பயிற்சிப் பாடத்திலேயே கையால் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்று விரலால் கீழே இழுத்தால் பழைய விசைப்பலகைக்குத் திரும்பிவிடலாம். மாட்டிக்கொண்டோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. இரண்டு விரலால் மேலே இழுத்தால் எழுதியது அப்படியே அனுப்பப்பட்டுவிடும். பாதி எழுதிய தகவல் ஒரு பெற்றோருக்குப் போய்விட்டால் சங்கடம். அதனால் பழகும் காலத்தில் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே நீங்கள் அனுப்பிக்கொள்ளும் உரையாடலில் மட்டும் எழுதுங்கள். தினமும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். வீட்டில் மேசைமேல் செல்லைப் படுக்கவைத்து எழுதும் முறையில் தொடங்குங்கள். கை நிலைத்த பிறகு, திரை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து எழுதும் முறைக்கு வாருங்கள். உள்ளங்கைகள் செல்லின் இரு முனைகளைத் தாங்கட்டும், கட்டைவிரல்கள் உங்கள் பக்கமும் சுண்டுவிரல்கள் அடியிலும் பிடித்துக்கொள்ளட்டும். உள்ளங்கைச் சதை திரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் அதையும் ஒரு விரலாகச் செல் எடுத்துக்கொள்ளும்.

பேருந்துக்கு வருவோம். உட்கார இடம் கிடைத்தால்தான் இது நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டு கையும் செல்லில் இருக்கும்போது கம்பியைப் பிடிக்க முடியாது. நின்றுகொண்டு போகும் நாளில் செல்லைப் பையிலேயே வையுங்கள். உட்கார்ந்தால் பையை மடியில் வைத்து அதன்மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளுங்கள், வண்டி குலுங்கினாலும் விரல் நகராது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் கை வேர்ப்பது பெரிய தொல்லை. ஈர விரலை திரை சரியாக உணராது. ஒரு கைக்குட்டையை எடுக்கும் இடத்தில் வைத்திருங்கள்.

காதில் ஹெட்போன் போட்டால், எழுதுவதும் கேட்பதும் உங்களுக்கு மட்டும்தான். ஒரு காதில் மட்டும் போடுங்கள், மற்றது நிறுத்தம் கேட்கத் திறந்திருக்கட்டும். கம்பி ஹெட்போன் நல்லது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், விரல் அடுத்த எழுத்துக்குப் போன பிறகு முந்தைய எழுத்து கேட்கும். பழகுகிறவருக்கு அது குழப்பும்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: திரையை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கும்போது, அது உங்கள் எதிரே நிற்கிறவரின் முகத்துக்கு நேராக இருக்கிறது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் எழுதியது அங்கே வெளிச்சமாகத் தெரியும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் திரை இருண்டுவிடும், செல் வழக்கம்போல வேலை செய்யும். ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் அதே பலன். பேருந்தில் செல்லை எடுத்ததும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். அந்தத் தாய் உங்களை நம்பி எழுதியது உங்களிடமே இருக்க வேண்டும்.

இதனால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். பணம் அனுப்பும்போது யுபிஐ ரகசிய எண் கேட்கும் இடத்தில் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு எண்பலகை வரும். அங்கே பிரெய்ல் விசைப்பலகை வராது, பழையபடி தடவித்தான் போட வேண்டும். உங்கள் செல் ஒரே நேரத்தில் குறைந்தது ஐந்து விரலையாவது உணர வேண்டும். ட, ய, ற, ழ எல்லாமே ஐந்து புள்ளி எழுத்துகள். மற்றவை சரியாக வந்து இவை மட்டும் திரும்பத் திரும்பத் தவறினால், விரலைக் குறை சொல்வதற்கு முன் செல்லைச் சந்தேகியுங்கள்.

தம்பியின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள். புளூடூத் விசைப்பலகை வீட்டில் வினாத்தாள் தயாரிக்க, நீளமான கட்டுரை எழுத நல்ல துணை. பேருந்தில் மடியில் செல் ஒன்று, விசைப்பலகை ஒன்று என்று இரண்டையும் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். காசு செலவில்லாத இதை முதலில் ஒன்றிரண்டு மாதம் பழகுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். செல்லையே மாற்ற வேண்டியிருந்தால், பார்வையற்றோருக்குத் திறன்பேசி வழங்கும் தமிழக அரசின் திட்டம் பற்றிக் கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பிரெய்லையே முதலிலிருந்து முறையாகப் புதுப்பித்துக்கொள்ள விரும்பினால், சென்னை பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

முதல் வாரத்தில் வேகம் பார்க்க வேண்டாம். ‘மலை, மழை’, ‘மனம், மணம்’, ‘வாளை, வாழை’ என்று ஜோடி ஜோடியாக எழுதுங்கள். சரியாக வந்ததா என்று டாக்பேக்கில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேளுங்கள், குரலில் சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறையில் யாரையாவது ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்காவது தடைப்பட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது செல்லின் மாடலையும் ஆண்ட்ராய்டு, டாக்பேக் பதிப்பு எண்களையும் சேர்த்து எழுதினால் எந்த மெனுவில் போய் எதைத் தொட வேண்டும் என்று துல்லியமாகச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.